கலப்புக் குழந்தையை வளர்த்தது யார்?

நியாண்டர்தால் மனிதர்களும் நம் முன்னோர்களும் கலந்தார்களா என்ற கேள்விக்கு 2010-லேயே விடை கிடைத்துவிட்டது. கலந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே பல்லாயிரம் ஆண்டுகளாக வேர்விட்ட மக்கள் எல்லோரிடமும் ஏறத்தாழ 2 சதவீதம் நியாண்டர்தால் டிஎன்ஏ இருக்கிறது. இந்தச் செய்தியைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் உடலுறவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கரு உண்டாக நட்பு வேண்டியதில்லை, பொதுமொழி வேண்டியதில்லை, பெண்ணின் சம்மதம்கூட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கரு பிறக்க வேண்டும், பால் குடிக்க வேண்டும், வேட்டையில் கிடைத்த இறைச்சியில் அதற்கும் ஒரு பங்கு விழ வேண்டும். பதினைந்து இருபது ஆண்டு உயிரோடிருந்து தானும் ஒரு குழந்தை பெற வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் அந்த டிஎன்ஏ நம்மிடம் வந்து சேரும். அத்தனை ஆண்டுகள் ஒரு கூட்டம் அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக வைத்துக் காத்திருக்கிறது. அது எந்தக் கூட்டம்? ஆதி மனித இனங்களின் உறவைப் பற்றிய கேள்விகளில் இதைவிட முக்கியமான ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை. சான்றுகளை இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படித்தால், பல செய்திகளின் எடை மாறிவிடுகிறது.

அதற்கு முன், இரண்டு இனங்கள் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் இருந்தன என்பதையே நிறுவியாக வேண்டும். இது கேட்பதற்கு எளிதாகத் தெரியும், செய்வது கடினம்.

மிகப் பழைய நல்ல சான்று கென்யாவின் கூபி ஃபோராவில் இருக்கிறது. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஏரிக்கரைச் சேற்றில் இரு வகைக் காலடித் தடங்கள் பதிந்திருக்கின்றன. ஒன்று ஹோமோ எரக்டஸ் நடையோடும், மற்றொன்று பராந்த்ரோபஸ் பாய்சி நடையோடும் பொருந்துவதாக 2024-ல் ஆய்வு வெளியானது. சேறு காய்வதற்குள், அதாவது சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள், இருவரும் அங்கே நடந்திருக்கிறார்கள். எலும்புகளைக் கொண்டு இவ்வளவு நெருக்கமாகக் காலத்தைச் சொல்லவே முடியாது. ஒரே மண்ணடுக்கில் அருகருகே கிடக்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி இருப்பது சாதாரணம்.

நியாண்டர்தால் காலத்துக்கு வரும்போது கார்பன்-14 கணிப்பு கைகொடுக்கிறது, ஆனால் அதன் எல்லையில் நின்றுகொண்டு. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். 40,000 ஆண்டுப் பழைய எலும்பில், தொடக்கத்தில் இருந்த கார்பன்-14-ல் 0.8 சதவீதம்தான் மிஞ்சியிருக்கும். மண்ணில் ஊறிய நீர் வழியாகவோ, அருங்காட்சியகத்தில் எலும்பைக் காக்கப் பூசிய பசை வழியாகவோ 1 சதவீதம் புதிய கார்பன் உள்ளே புகுந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது அளவு 1.8 சதவீதம் ஆகிவிடும். கருவி காட்டும் வயது சுமார் 33,000 ஆண்டு. ஏறத்தாழ 7,000 ஆண்டு பிழை. இதே 1 சதவீதக் கலப்படம் 5,000 ஆண்டுப் பழைய எலும்பில் நேர்ந்தால் பிழை சுமார் 70 ஆண்டுதான். பொருள் பழையதாக ஆக, ஒரே அளவு அழுக்கு மேலும் மேலும் பெரிய பொய்யைச் சொல்லும். அந்தப் பொய் எப்போதும் ஒரே திசையில், வயதைக் குறைத்தே சொல்லும்.

இதன் விளைவு பெரிது. குரோஷியாவின் விந்தியா குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகள் 28,000 முதல் 29,000 ஆண்டுப் பழையவை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அதை வைத்துக்கொண்டு, இரு இனங்களும் ஐரோப்பாவில் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் அக்கம்பக்கமாக வாழ்ந்தன என்று எழுதினார்கள். எலும்புப் புரதமான கொலாஜனிலிருந்து ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி கணித்தபோது, அவை 40,000 ஆண்டுக்கும் மேல் பழையவை என்று 2017-ல் தெரிந்தது. செயற்கைப் பசையிலும் மண்ணிலும் அந்த அமிலம் அநேகமாக இருப்பதில்லை என்பதே இந்த முறையின் பலம். 2014-ல் ஐரோப்பா முழுவதும் சுமார் 40 இடங்களின் மாதிரிகளைச் சுத்திகரித்துக் கணித்ததில், நியாண்டர்தால் பண்பாட்டின் முடிவு இன்றைக்கு 41,030 முதல் 39,260 ஆண்டுகளுக்கு முன் என்று வந்தது. இரு இனங்களும் ஒரே கண்டத்தில் இருந்த காலம் 2,600 முதல் 5,400 ஆண்டுகள் என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. பின்னர் பல்கேரியாவின் பாச்சோ கீரோவிலும் ஜெர்மனியின் ரானிஸிலும் 45,000 ஆண்டுக்கு முந்தைய சேப்பியன்ஸ் (நம் இனம்) எலும்புகள் உறுதியானதால், சேர்ந்திருந்த அந்தக் காலம் இப்போது மேலும் பின்னோக்கி நீண்டிருக்கிறது. ஆகவே 2010-க்கு முன் வெளியான எந்தக் கட்டுரையிலாவது 30,000 ஆண்டு நியாண்டர்தால் பற்றிப் படித்தால், மாதிரியை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று பார்க்காமல் அந்த எண்ணை நம்பக்கூடாது.

காலத்தை மிக நுணுக்கமாகப் பிடித்த இடம் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் உள்ள மாந்த்ரின் குகை. மேலும் கீழும் நியாண்டர்தால் அடுக்குகள். நடுவே சுமார் 54,000 ஆண்டுக்கு முந்தைய ஓர் அடுக்கு. அதில் மிகச் சிறிய கல்முனைகளும், வடிவத்தை வைத்து சேப்பியன்ஸ் குழந்தையுடையது என்று இனங்காணப்பட்ட ஒரு பால்பல்லும் கிடைத்தன. குகைக் கூரையில் சுண்ணாம்புப் படிவு ஆண்டுதோறும் மெல்லிய ஏடாகப் படியும். கீழே நெருப்பு மூட்டியபோதெல்லாம் அந்த ஏடுகளுக்கு இடையே புகைக்கரி ஒட்டிக்கொள்ளும். உதிர்ந்து விழுந்த கூரைத் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துக் கரிக்கோடுகளை எண்ணினால் ஆண்டுக் கணக்கு கிடைக்கும். நியாண்டர்தால்களின் கடைசி நெருப்புக்கும் வந்தவர்களின் முதல் நெருப்புக்கும் இடையே ஓர் ஆண்டுக்கு மேல் இல்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு. சில பத்து ஆண்டுகள் தங்கிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். குகை மறுபடி நியாண்டர்தால்களிடம் வந்தது. சேப்பியன்ஸ் வந்தவுடன் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்கள் என்ற பழைய சித்திரத்துக்கு இந்தக் குகை இடம் தரவில்லை. ஒரே ஒரு பல்லின் வடிவத்தின்மேல் பெரும்பாரம் ஏற்றியிருப்பதையும் மறக்கக்கூடாது.

ஓராண்டு இடைவெளியில் ஒரே குகை என்றால் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஊகத்தைத் தாண்டிப் போக டிஎன்ஏ வேண்டும்.

பழைய எலும்பில் இருந்து வரும் டிஎன்ஏ முழு இழையாக இருக்காது. பெரும்பாலும் 40 முதல் 70 எழுத்து நீளமுள்ள துணுக்குகள், அவற்றிலும் பெரும்பகுதி பாக்டீரியாவுடையவை. தொட்டவர்களின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும். நியாண்டர்தாலும் நாமும் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய ஒன்றே என்பதால் இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது கடினம். 2006-ல் வெளியான முதல் நியாண்டர்தால் அணுக்கரு வரிசை ஒன்றில் இன்றைய மனிதரின் டிஎன்ஏ கணிசமாகக் கலந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. இப்போது நம்பியிருக்கும் அடையாளம் வேதியியல் சேதம். துணுக்கின் முனைகளில் சைட்டோசின் காலப்போக்கில் சிதைந்து, படிக்கும்போது தைமின் என்று தெரியும். அந்தச் சேதம் முனையில் தெரிகிற துணுக்குகளை மட்டும் எடுத்து மறுபடி கணக்குப் போட்டாலும் அதே முடிவு வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் அந்த மாதிரியை நம்ப மாட்டார்கள்.

2010-ல் பழைய டிஎன்ஏ ஆய்வாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு விந்தியாவின் மூன்று எலும்புகளில் இருந்து வரைவு ஜீனோம் (முழு டிஎன்ஏ வரிசை) ஒன்றைத் தொகுத்தது. அதை ஐந்து இன்றைய மனிதர்களோடு ஒப்பிட்டார்கள்: தென்னாப்பிரிக்காவின் சான், மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா, பாப்புவா, ஹான் சீனர், பிரெஞ்சுக்காரர். பிந்தைய மூவரும் ஆப்பிரிக்கர் இருவரைவிட நியாண்டர்தாலோடு கூடுதலாக ஒத்திருந்தார்கள். அந்தக் கூடுதல் மூவரிடமும் ஏறத்தாழ சம அளவில் இருந்தது. நியாண்டர்தால் எலும்பே கிடைக்காத பாப்புவாவின் மனிதரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே அளவு கொண்டிருக்கிறார்கள் என்றால், கலப்பு அவர்கள் பிரிந்து போவதற்கு முன்பே, ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வந்த கொஞ்ச காலத்துக்குள் நடந்திருக்க வேண்டும்.

எப்போது என்று சொல்வது நம்மிடம் உள்ள நியாண்டர்தால் டிஎன்ஏ துண்டுகளின் நீளம். இந்தக் கணக்கை யாரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கலப்புக் குழந்தையிடம் ஒவ்வொரு குரோமோசோம் இணையிலும் ஒன்று முழு நியாண்டர்தால், மற்றொன்று முழு சேப்பியன்ஸ். அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இரண்டும் வெட்டி ஒட்டப்படும். ஒவ்வொரு தலைமுறையிலும் மேலும் வெட்டு விழும். 1 சென்டிமார்கன் என்பது ஒரு தலைமுறையில் வெட்டு விழ 1 சதவீத வாய்ப்புள்ள நீளம், சராசரியாகச் சுமார் 10 லட்சம் எழுத்து. கலப்பு நடந்து எத்தனை தலைமுறை ஆயிற்றோ, 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் துண்டின் சராசரி நீளம் சென்டிமார்கனில் கிடைக்கும். ஐந்து தலைமுறை என்றால் 20. 47,000 ஆண்டை 29 ஆண்டுத் தலைமுறையால் வகுத்தால் ஏறத்தாழ 1,620 தலைமுறை. அப்படியானால் துண்டின் நீளம் 0.06 சென்டிமார்கன், சுமார் 60,000 எழுத்து. இன்றைய மனிதரிடம் கிடைப்பவை இந்த அளவை ஒட்டித்தான் இருக்கின்றன. 2024-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில் ஒன்று, நம் எல்லோருக்கும் பொதுவான கலப்பை 45,000 முதல் 49,000 ஆண்டுகளுக்கு முன் வைத்தது. மற்றொன்று 50,500 முதல் 43,500 வரை, அதாவது சுமார் 7,000 ஆண்டு நீடித்தது என்றது. வெவ்வேறு மாதிரிகளில் இருந்து வந்த இரண்டு விடைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவது மனத்துக்கு நிறைவளிக்கிறது.

இந்தக் கணக்கு இங்கே ஏன் முக்கியம் என்றால், நீளமான துண்டு கிடைத்தால் ஒரு குடும்பத்தின் அருகில் போய்விடுகிறோம். ருமேனியாவின் ஓஸே குகையில் 2002-ல் கிடைத்த தாடை எலும்பு சுமார் 40,000 ஆண்டுப் பழையது. 2015-ல் அதன் ஜீனோமைப் படித்தபோது 6 முதல் 9 சதவீதம் நியாண்டர்தால் டிஎன்ஏ இருந்தது. மூன்று துண்டுகள் 50 சென்டிமார்கனுக்கும் நீளம். அவருடைய முன்னோர்களில் ஒருவர் நான்கிலிருந்து ஆறு தலைமுறைக்கு முந்தைய நியாண்டர்தால். பாட்டியின் பாட்டி என்று சொல்லக்கூடிய தூரம். பாச்சோ கீரோவில் கிடைத்த மூவரிடமும் இதே கதை, சில தலைமுறைக்கு முந்தைய நியாண்டர்தால் முன்னோர். அதாவது, நம் எல்லோருக்கும் பொதுவான அந்தக் கலப்புக்குப் பிறகும் ஐரோப்பாவில் புதிதாகக் கலந்துகொண்டே இருந்தார்கள். ஓஸே மனிதரின் கூட்டம் பிந்தைய ஐரோப்பியருக்கு எதையும் விட்டுச்செல்லவில்லை. அந்தக் கலப்பும் அவர்களோடு போயிற்று.

வளர்த்தது யார் என்ற கேள்விக்கு ஓஸே தாடை ஒரு பாதி விடை தருகிறது. முதல் கலப்புக் குழந்தைக்குப் பின் ஒவ்வொரு தலைமுறையும் சேப்பியன்ஸோடே பிள்ளை பெற்றிருக்கிறது. இல்லாவிட்டால் சதவீதம் இந்த அளவுக்கு இறங்கியிருக்காது. அந்த வம்சம் சேப்பியன்ஸ் கூட்டத்துக்குள் வாழ்ந்தது, மணமுடித்தது, ஒதுக்கப்படவில்லை. மறு பாதியில் ஒரு சிக்கல் உண்டு. சைபீரியாவின் சாகிர்ஸ்கயா, ஒக்லாட்னிகோவ் குகைகளில் இருந்து 13 நியாண்டர்தால்களின் டிஎன்ஏ 2022-ல் வெளியானது. ஒரு தகப்பனும் அவருடைய பதின்வயது மகளும் அதில் இருந்தார்கள். தகப்பன் வழி ஒய் குரோமோசோமில் வேறுபாடு மிகக் குறைவு, தாய் வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் வேறுபாடு அதிகம். பத்திருபது பேர் கொண்ட கூட்டம், பெண்களில் 60 சதவீதமோ அதற்கு மேலோ வெளியிலிருந்து வந்தவர்கள் என்றால்தான் இந்த அமைப்பு பொருந்துகிறது. மணமாகிப் பெண் வேறு கூட்டம் போகும் வழக்கம் இருந்தால், நியாண்டர்தால்களிடம் பிறந்து வளர்ந்த ஒரு கலப்புப் பெண் பருவம் வந்தபின் சேப்பியன்ஸ் கூட்டத்துக்குப் போயிருக்கலாம். அவளுடைய பிள்ளைகள் வழியாக டிஎன்ஏ நமக்கு வரும், வளர்த்த கைகளின் சுவடு எதுவும் இருக்காது. டிஎன்ஏ உறுதியாகச் சொல்வது அவளுடைய பிள்ளைகள் எங்கே வளர்ந்தார்கள் என்பதை.

கலப்புக் குழந்தையே நேரில் கிடைத்தது ஒரே ஒரு முறை. அல்தாய் மலையின் டெனிசோவா குகையில் எடுத்த, எந்த விலங்கு என்றே தெரியாத 2,300-க்கும் மேற்பட்ட எலும்புத் துணுக்குகளை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒவ்வொன்றிலும் துளியளவு எடுத்து, கொலாஜனைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றின் நிறையை அளந்தால் மாடா குதிரையா மனிதக் குடும்பமா என்று தெரியும். எந்த மனித இனம் என்பது இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு டிஎன்ஏ வேண்டும். அப்படிக் கிடைத்த 2 சென்டிமீட்டர் அளவுத் துணுக்கு ஒன்று, சுமார் 90,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்த, குறைந்தது 13 வயதான ஒரு பெண்ணுடையது. அவளுடைய ஜீனோம் 2018-ல் வெளியானது. தாய் நியாண்டர்தால், தகப்பன் டெனிசோவன், அதாவது இந்தக் குகையின் பெயரால் அழைக்கப்படும் மற்றோர் ஆதி மனித இனம்.

பெற்றோரே கலப்பினராக இருந்து அவள் அப்படிப்பட்ட கூட்டத்தில் பிறந்தவளாக இருக்கக்கூடாதா? இதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. பெற்றோர் இருவரும் கலப்பினர் என்றால், ஜீனோமில் சில இடங்களில் இரண்டு நகலும் நியாண்டர்தாலாகவும் சில இடங்களில் இரண்டும் டெனிசோவனாகவும் இருக்கும். இவளிடம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்று இது, ஒன்று அது. மைட்டோகாண்ட்ரியா நியாண்டர்தாலுடையது, ஆகவே தாய் அந்த இனம். சில இடங்களில் மட்டும் இரண்டு நகலும் நியாண்டர்தால். அந்தத் துண்டுகளின் நீளத்தை வைத்துப் பார்த்தால், தகப்பனின் வம்சத்திலும் 300 முதல் 600 தலைமுறைக்கு முன் ஒரு நியாண்டர்தால் வந்து சேர்ந்திருக்கிறார். தாய் அதே குகையில் முன்னர் வாழ்ந்த நியாண்டர்தாலைவிட, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிய குரோஷியாவின் நியாண்டர்தாலுக்கு நெருங்கியவள். ஆக அந்த மலையடிவாரம் இரண்டு இனங்களின் எல்லை. ஆள்கள் வெகுதூரத்தில் இருந்து வந்து போயிருக்கிறார்கள், கலப்பு ஒருமுறைக்கு மேல் நடந்திருக்கிறது. டிஎன்ஏ எடுக்க முடிந்த விரல்விட்டு எண்ணக்கூடிய பேரில் ஒருத்தி நேரடிக் கலப்பாக இருப்பது, சந்தித்த இடங்களில் கலப்பு அரிதாக இருக்கவில்லை என்பதற்கு வலுவான ஆதாரம். 13 ஆண்டு அவளுக்குச் சோறிட்ட கூட்டம் ஒன்று இருந்தது என்பதும்.

இருந்தாலும் எல்லா இடமும் அப்படி இல்லை. அதே குகையில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில்தான் சாகிர்ஸ்கயா. அங்கே வாழ்ந்த நியாண்டர்தால்களிடம் அண்மைக்கால டெனிசோவன் கலப்பு இல்லை. மாந்த்ரின் குகையில் கிடைத்து தோரின் என்று பெயரிடப்பட்ட நியாண்டர்தாலின் வம்சம், 2024-ல் வெளியான ஆய்வின்படி, சுமார் 50,000 ஆண்டு மற்ற நியாண்டர்தால்களோடுகூடக் கலக்காமல் தனித்திருந்தது. பத்து நாள் நடையில் வேறு நியாண்டர்தால்கள் இருந்தும். உறவும் ஒதுக்கமும் இனத்தைப் பொறுத்ததைவிட அந்தந்தக் கூட்டத்தைப் பொறுத்ததாக இருந்தது என்றே இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கிறோம்.

இனி மறுபக்கம். கலப்புக் குழந்தைகள் நியாண்டர்தால் கூட்டத்தில் வளர்ந்து, அங்கேயே பிள்ளை பெற்றார்களா? பெற்றார்கள், நாம் நினைப்பதைவிட வெகு காலம் முன்பே. ஸ்பெயினின் சிமா தே லோஸ் உவேசோஸ் குழியில் கிடைத்த 4,30,000 ஆண்டுப் பழைய எலும்புகள் அணுக்கரு டிஎன்ஏவில் நியாண்டர்தால் வழி. அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவோ டெனிசோவன்களுடையதோடு சேர்கிறது. பிற்கால நியாண்டர்தால்களிடம் இருப்பது அதுவல்ல, நம்முடையதற்கு நெருங்கிய வேறொன்று. நடுவில் எப்போதோ தாய்வழி முழுக்க மாறியிருக்கிறது. 2020-ல் நியாண்டர்தால் ஆண்களின் ஒய் குரோமோசோமைப் படித்தபோதும் அதேதான். அணுக்கரு டிஎன்ஏவில் நியாண்டர்தாலும் டெனிசோவனும் நெருங்கிய உறவு, ஒய் குரோமோசோமில் நியாண்டர்தாலும் நாமும் நெருங்கிய உறவு. ஆகவே சேப்பியன்ஸ் வழியைச் சேர்ந்த ஆணும் பெண்ணும், அநேகமாக 2 லட்சம் ஆண்டுக்கும் முன்பே, நியாண்டர்தால் கூட்டங்களுக்குள் வாரிசுகளை விட்டிருக்கிறார்கள். அந்தத் தாய்களின் மகள்களும் அந்தத் தகப்பன்களின் மகன்களும் நியாண்டர்தால்களாகவே வளர்ந்தார்கள். வந்த டிஎன்ஏ கொஞ்சம்தான், ஆனாலும் இந்த இரண்டு இழைகள் மட்டும் முழுமையாகப் பரவிவிட்டன. இவை வெட்டி ஒட்டப்படாமல் அப்படியே கடத்தப்படுபவை. மக்கள்தொகை சில ஆயிரமே இருந்தால் சிறு பழுதுகள் களையப்படாமல் சேர்ந்துகொண்டே போகும். பழுது குறைந்த இழை உள்ளே வந்தால் அதுவே நிலைக்கும். 2024-ன் மற்றொரு கணக்கீடு, நியாண்டர்தால் ஜீனோமில் 2.5 முதல் 3.7 சதவீதம் சேப்பியன்ஸ் பங்கு என்று மதிப்பிட்டது. இந்தப் பரிமாற்றத்துக்குப் பொருந்தும் எலும்புகளும் உள்ளன. இஸ்ரேலின் மிஸ்லியா குகைச் சேப்பியன்ஸ் தாடை 1,77,000 ஆண்டுக்கும் மேல் பழையது.

நம்மிடம் இன்று ஒரு நியாண்டர்தால் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை, ஒய் குரோமோசோமும் இல்லை. நியாண்டர்தால் தாய்களே இருக்கவில்லை என்று இதற்குப் பொருள் சொல்வது தவறு. தொடக்கத்தில் சில சதவீதமே இருந்த தாய்வழி, மகள் இல்லாத ஒரு தலைமுறையில் அறுந்துபோகும். 1,600 தலைமுறையில் அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எக்ஸ் குரோமோசோம் இன்னும் ஆழமான செய்தி சொல்கிறது. அதில் நியாண்டர்தால் பங்கு மற்ற குரோமோசோம்களில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். வந்த நியாண்டர்தால்கள் எல்லோரும் ஆண்கள் என்றே வைத்தாலும், எக்ஸ் பங்கு மூன்றில் இரண்டாகக் குறையுமே தவிர ஐந்தில் ஒன்றாகாது. இருபாலரின் கலப்பு விகிதம் மட்டும் இதை விளக்காது, இயற்கைத் தேர்வும் வெட்டியிருக்கிறது. விந்தகத்தில் முதன்மையாக இயங்கும் மரபணுக்களைச் சுற்றியும் நியாண்டர்தால் துண்டுகள் குறைவு. கலப்பு ஆண்பிள்ளைகளில் பலருக்கு மகப்பேறு அரிதாக இருந்தது என்பதே பொருத்தமான விளக்கமாகத் தெரிகிறது. அவர்களைக் கூட்டம் வளர்த்திருக்கும், அவர்கள் முதுமைவரை வாழ்ந்தும் இருக்கலாம். நம் ஜீனோமில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான். டிஎன்ஏ மட்டும் பார்த்து உறவின் அளவை எடைபோட்டால் இவர்கள் எல்லோரும் கணக்கில் விடுபட்டுப் போவார்கள்.

டிஎன்ஏ அல்லாத சான்றுகளில், சண்டை பற்றியவை பலவீனமானவை. ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த மூன்றாம் நியாண்டர்தாலின் விலா எலும்பில் கூர்மையான வெட்டு இருக்கிறது. எறிந்த இலேசான ஈட்டி அப்படிக் காயம் உண்டாக்கும் என்று சோதனைகள் காட்டின. எறி ஈட்டி சேப்பியன்ஸின் ஆயுதம், ஆகவே கொன்றது சேப்பியன்ஸ் என்று வாதம் நீள்கிறது. எலும்பு காட்டுவது காயத்தை மட்டுமே. அது ஆறத் தொடங்கியிருந்தது, அவர் சில வாரங்கள் உயிரோடிருந்தார். குத்தியவரின் இனம் அந்த விலாவில் எழுதப்படவில்லை. ஒரே ஒரு காயத்தில் இருந்து இனப்போர் ஒன்றைக் கட்டி எழுப்புவது நமக்கு ஏற்பில்லை.

கற்றுக்கொண்டதற்கான சான்று கொஞ்சம் மேல். இஸ்ரேலின் டின்ஷெமெத் குகை ஆய்வு 2025-ல் வெளியானது. 1,30,000 முதல் 80,000 ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரத்தில் வாழ்ந்த பல வகை மனிதர்கள் ஒரே விதமாகக் கல்லை உரித்தார்கள், இறந்தோரை உடலை மடக்கிப் புதைத்தார்கள், செங்காவி பயன்படுத்தினார்கள் என்று அது காட்டுகிறது. கல் உரிக்கும் முறையை உடைந்த சில்லைப் பார்த்துக் கற்க முடியாது. எந்தக் கோணத்தில், எந்த வரிசையில் அடிப்பது என்று அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு கூட்டங்கள் தனித்தனியே ஒரே முறைக்கு வருவதும் சாத்தியம்தான். மூன்று பழக்கங்கள் ஒரே வட்டாரத்தில் சேர்ந்து வரும்போது அந்த விளக்கம் இளைத்துப்போகிறது.

கிழக்கே டெனிசோவன்களின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. சுருக்கமாகச் சொன்னால், பாப்புவா மக்களிடம் சில சதவீதமும், பிலிப்பைன்ஸின் அய்தா மக்களிடம் இதுவரை அளந்ததில் மிக அதிகமாகவும் டெனிசோவன் டிஎன்ஏ உண்டு. திபெத்தியர் உயரத்தில் வாழ உதவும் ஈபாஸ்1 மரபணு வடிவம் அவர்களிடம் இருந்தே வந்தது. 3,280 மீட்டர் உயரத்தில் உள்ள பைஷியா குகையின் 1,60,000 ஆண்டுப் பழைய தாடை டெனிசோவனுடையது என்று 2019-ல் புரதத்தை வைத்து உறுதி செய்தார்கள். ஃபுளோரஸ் தீவின் குள்ள மனிதர்களிடம் இருந்தோ லூசோன் மனிதர்களிடம் இருந்தோ டிஎன்ஏ கிடைக்கவில்லை. வெப்பமும் ஈரமும் அதைச் சிதைத்துவிடும். தெற்காசியருக்கு நெருக்கமான செய்தி வேறு. கொரோனா கடுமையாகும் வாய்ப்பைக் கூட்டும் மூன்றாம் குரோமோசோம் துண்டு ஒன்று நியாண்டர்தாலிடம் இருந்து வந்தது. நீளம் சுமார் 49,400 எழுத்து. தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் குறைந்தது ஒரு நகல் இருக்கிறது, ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம். இரு இனங்களின் பொது மூதாதையிடமிருந்தே அது வந்திருக்கலாமே என்றால், 5 லட்சம் ஆண்டு வெட்டுக்குப் பின் இவ்வளவு நீளம் மிஞ்சாது. மேலே போட்ட அதே கணக்கு.

நம்மைத் தூங்கவிடாத முரண் ஒன்று மிச்சம். ஐரோப்பாவுக்கு வந்த முற்காலச் சேப்பியன்ஸில் பலருக்கு அண்மை நியாண்டர்தால் முன்னோர் உண்டு. அதே காலத்தைச் சேர்ந்த நியாண்டர்தால்களைத் திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. பெல்ஜியத்தின் கோயே, ஸ்பை, பிரான்சின் லே கோத்தே, காகசஸின் மெஸ்மைஸ்கயா, விந்தியா என ஐந்து பிற்கால நியாண்டர்தால்களின் ஜீனோம் 2018-ல் வெளியானது. 47,000 முதல் 39,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்தவர்கள். யாரிடமும் அண்மைச் சேப்பியன்ஸ் முன்னோர் இல்லை. தோரினிடமும் இல்லை. 2 லட்சம் ஆண்டுக்கு முன் இரு பக்கமும் போன வழி, கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளில் ஒரு பக்கமாகத் தெரிகிறது.

கலப்புப் பிள்ளைகளைச் சேப்பியன்ஸ் கூட்டங்கள் மட்டுமே வைத்துக்கொண்டன என்பது ஒரு விளக்கம். அப்படியானால் சுருங்கிக்கொண்டிருந்த நியாண்டர்தால் கூட்டங்கள் ஒவ்வொரு கலப்பிலும் தம் பெண்களையும் பிள்ளைகளையும் இழந்திருக்கின்றன. பெரும் சண்டை எதுவும் இல்லாமலே ஓர் இனம் தேய்ந்து மறைய அது போதும். ஆறு எலும்புகள் மிகச் சிறிய மாதிரி என்பது மற்றொரு விளக்கம். நியாண்டர்தால்களில் பத்தில் ஒருவருக்கு அண்மைச் சேப்பியன்ஸ் முன்னோர் இருந்தாலும், ஆறு பேரைச் சோதித்து ஒருவர்கூட அகப்படாமல் போக 53 சதவீத வாய்ப்பு இருக்கிறது. முப்பது பேரைச் சோதித்தும் ஒருவர்கூட இல்லையென்றால் அந்த வாய்ப்பு 4 சதவீதமாகச் சுருங்கும். இப்போதைக்கு முதல் விளக்கத்தின் பக்கம் மனம் சாய்கிறது, எண்கள் இன்னும் அனுமதி தரவில்லை. குகை மண்ணில் இருந்து எடுக்கும் டிஎன்ஏ இதற்கு அதிகம் உதவாது. அதில் பெரும்பாலும் கிடைப்பது மைட்டோகாண்ட்ரியா, அதுவும் பலருடையது கலந்து. 45,000 முதல் 40,000 ஆண்டுக்கு உட்பட்ட அடுக்குகளில் இருந்து பல்லோ, காதுக்கருகே உள்ள கெட்டியான எலும்போ வேண்டும். அவற்றில் ஒன்றில் 10 சென்டிமார்கனுக்கு மேல் நீளமான சேப்பியன்ஸ் துண்டுகள் தென்பட்டால், பத்துத் தலைமுறைக்கு உள்ளாக ஒரு சேப்பியன்ஸ் முன்னோரின் பிள்ளை நியாண்டர்தால் கூட்டத்தில் வளர்ந்து அங்கேயே வாரிசை விட்டது என்று பொருள்.